"30 நாளைக்குள்ள வேற டாக்டர பாத்துக்கோங்க"

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

(போன இதழ்ல ஒரு வாசகி, தன்னை கிளினிக்லருந்தே நீக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தாங்க. அதப் படிச்சுட்டு "எங்களுக்கும் இப்படி ஆச்சு"ன்னு நிறைய பேர் எழுதிட்டீங்க. அதனால இந்த தடவ முழுசா இதே விஷயம்தான். நான் அமெரிக்காவுல ஃபேமிலி டாக்டரா இருக்கறவ, பதில்கள்ல அந்த ஊர் வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்.)

டாக்டர் மேடம், நாங்க நியூஜெர்சி எடிசன்ல இருக்கோம். என் மாமனாருக்கு 74 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. பல வருஷமா ஒரே கிளினிக்தான். திடீர்னு சர்டிஃபைட் மெயில்ல ஒரு லெட்டர் வந்துச்சு, 30 நாளைக்கு அவசரம்னா மட்டும் பாப்போம், அதுக்குள்ள வேற டாக்டர தேடிக்கோங்கன்னு. காரணம்னு ஒரு வார்த்தை இல்ல. மாமா டாக்டர் முன்னாடி உக்காரக்கூட யோசிப்பாரு, அவ்ளோ மரியாதை. ரிசப்ஷன்ல கோ-பே (ஒவ்வொரு தடவ போறப்பவும் இன்சூரன்ஸ் போக நாம கட்டற பங்கு) விஷயமா ரெண்டு மூணு தடவ சத்தம் போட்டிருக்காரு, அது உண்மைதான். அதுக்காகவா இப்படி பண்ணுவாங்க?

அநேகமா அதுக்காகத்தான்மா.

டாக்டர் முன்னாடி பவ்யமா இருக்கறவரு, வெளிய வந்து ரிசப்ஷன் பொண்ணுகிட்ட "உனக்கு என்ன தெரியும், டாக்டர கூப்பிடு"ன்னு எகிறுறத நான் அடிக்கடி பாக்கறேன். எல்லா நாட்டு ஆளுங்ககிட்டயும் இது இருக்கு, ஆனா நம்ம பெரியவங்களுக்கு டாக்டர்னா சாமி, மத்தவங்க எல்லாம் ஏவல் ஆளுங்கன்னு ஒரு நெனப்பு ஊறிப்போயிருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா கோ-பே எவ்வளவுன்னு முடிவு பண்றது இன்சூரன்ஸ் கம்பெனி, அந்தப் பொண்ணுக்கு அதுல 1 டாலர் குறைக்கக்கூட அதிகாரம் கிடையாது, டாக்டருக்கே கூட "சரி விடுங்க"ன்னு வழக்கமா தள்ளுபடி பண்ண முடியாது, இன்சூரன்ஸ் காண்ட்ராக்ட் விடாது. ஆக மாமா திட்டினது தப்பான ஆள.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஒவ்வொரு தடவ சத்தம் போடும்போதும் ரிசப்ஷன்ல உள்ளவங்க அத சார்ட்ல, அதாவது அவரோட மெடிக்கல் ரெக்கார்டுல, எழுதிடுவாங்க, தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே மேற்கோள் குறிக்குள்ள. அடுத்த தடவ அவர் பேர கம்ப்யூட்டர்ல அடிச்சாலே மேல ஒரு எச்சரிக்கை கட்டம் வந்து நிக்கும். அப்புறம் ஒரு நாள் மெடிக்கல் அசிஸ்டன்ட் வந்து "அந்த ரூமுக்கு நான் தனியா போமாட்டேன், யாராச்சும் கூட வாங்க"ன்னு சொல்லுவாங்க. அந்த வார்த்தை வந்துட்டா ஆபீஸ் மேனேஜர் டாக்டர்கிட்ட வந்து உக்காந்துருவாரு. ஏன்னா ஒரு நல்ல அசிஸ்டன்ட் வேலைய விட்டுப் போனா கிளினிக்கே ஒரு மாசம் தள்ளாடும், இன்னொருத்தர புடிச்சு பழக்கறது பெரிய பாடு. டாக்டர் அப்பவும் யோசிப்பாரு, "நல்ல மனுஷன்தானே, என்கிட்ட எவ்ளோ அன்பா பேசறாரு"ன்னு. பேசறாருதான், ஆனா டாக்டர் பாக்கறது 15 நிமிஷம், ஸ்டாஃப் பாக்கறது மீதி எல்லாம். உங்களுக்குத் திடீர்னு வந்த லெட்டர், அவங்க பக்கத்துல திடீர்னு வந்தது இல்ல.

காரணம் எழுதாததுக்கு காரணம், வக்கீல் புத்திமதி. எழுதினா அதுல ஒரு வார்த்தைய புடிச்சுகிட்டு கேஸ் போடுவாங்கன்னு பயம். அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனோட நெறிமுறை என்ன சொல்லுதுன்னா, பேஷண்ட்ட விடணும்னா வேற டாக்டர் கிடைக்கற அளவுக்கு முன்கூட்டியே சொல்லணும், மாறிப் போறதுக்கு உதவியும் பண்ணணும். அந்த "முன்கூட்டியே"தான் நடைமுறையில 30 நாள்னு ஆகிப்போச்சு. சொல்லாம கொள்ளாம கைவிட்டா அது பேஷண்ட்ட அநாதையா விட்ட குத்தம், மெடிக்கல் போர்டு வரைக்கும் போகும். அதனாலதான் சர்டிஃபைட் மெயில், கையெழுத்து எல்லாம். ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிக்கறதுக்குள்ளயோ, நிறைமாசமா இருக்கும்போதோ ஒருத்தர விடறது எந்த டாக்டரும் செய்யத் துணியாத காரியம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியத பாருங்க. இன்னைக்கே போன் போட்டு ஆபீஸ் மேனேஜர கேளுங்க, ரிசப்ஷன்ல சண்டைக்குப் போக வேணாம். 90 நாளைக்கு மருந்து ரீஃபில் எழுதித் தரச் சொல்லுங்க, 30 நாள் கெடு ஓடிட்டு இருக்கறப்பவே கேட்டா பெரும்பாலும் குடுத்துருவாங்க. ரெக்கார்டு காப்பி கேளுங்க, பழைய பில் பாக்கி இருந்தாலும் அத காரணமா வச்சு ரெக்கார்ட புடிச்சு வைக்க முடியாது, ஃபெடரல் சட்டம் அப்படி. இன்சூரன்ஸ் கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு விஷயத்த சொல்லுங்க, புது பேஷண்ட் எடுக்கற டாக்டர் லிஸ்ட் அவங்க தருவாங்க, சில பிளான்கள்ல இப்படி நீக்கறதுக்கே தனி விதிமுறை இருக்கும், கிளினிக் அத மீறியிருந்தா அவங்களே கேப்பாங்க. நடுவுல அவசரம்னா எமர்ஜென்சிக்குப் போங்க, 1986ல வந்த சட்டப்படி எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சியும் பரிசோதனை பண்ணாம திருப்பி அனுப்ப முடியாது.

இன்னொன்னு, மாமாவே தன் கையால நாலு வரி மன்னிப்பு எழுதட்டும், டாக்டருக்கு இல்ல, அந்த ரிசப்ஷன் பொண்ணுக்கு. நீங்க எழுதிக் குடுத்து அவர் கையெழுத்து மட்டும் போடறதெல்லாம் வேணாம். எங்க கிளினிக்ல அப்படி வந்த லெட்டர பாத்து முடிவ மாத்தினது உண்டு.

-

வணக்கம் டாக்டர், டல்லாஸ்ல சாஃப்ட்வேர் வேலை. எனக்கு தைராய்டு. ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டுக்கும் கேள்விகள பிரின்ட் எடுத்துட்டுப் போவேன், லேப் ரிசல்ட் வந்தா கிளினிக்கோட ஆன்லைன் போர்டல்ல மெசேஜ் போடுவேன், வாரத்துல நாலஞ்சு போகும். போன தடவ டாக்டர் முகம் சுளிச்ச மாதிரி இருந்துச்சு. என்னையும் "டிஃபிகல்ட் பேஷண்ட்" லிஸ்ட்ல சேத்துருவாங்களா? கூகுள்ல ஒரு 2 ஸ்டார் ரிவ்யூ வேற போட்டுட்டேன்.

தம்பி, கேள்வி கேட்டதுக்காக யாரையும் நீக்க மாட்டாங்க, பிரின்ட் எடுத்துட்டு வர்றவங்கள எனக்குப் புடிக்கும், என்ன, 3 பக்கம் வேணாம், மேல மூணே மூணு கேள்விய பெருசா எழுதுங்க, மத்தது நேரம் இருந்தா.

ஆனா வாரத்துக்கு நாலஞ்சு மெசேஜ் கொஞ்சம் ஜாஸ்திதான். அந்த மெசேஜுக்கு டாக்டர் பதில் போடறது ராத்திரி சாப்பிட்டு முடிச்சு லேப்டாப்ப திறந்து, அதுக்கு பல எடத்துல தனியா காசு கூட கிடையாது. கோவிட் சமயத்துல இந்த மெசேஜ் எண்ணிக்கை எகிறிப்போய், கிளீவ்லேண்ட் கிளினிக் மாதிரி பெரிய எடமே 2022 நவம்பர்லருந்து டாக்டர் யோசிச்சு பதில் எழுத வேண்டிய மெசேஜுக்கு 50 டாலர் வரைக்கும் பில் போட ஆரம்பிச்சுது. வாரத்துக்கு ஒன்னா சேத்து அனுப்புங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி.

"டிஃபிகல்ட் பேஷண்ட்"ங்கறத பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இது டாக்டர்ங்க பக்கத்துலயும் வெளிப்படையா பேசாத விஷயம். 1978லயே ஜேம்ஸ் குரோவ்ஸ்னு ஒரு சைக்யாட்ரிஸ்ட் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல இதப் பத்தி எழுதினாரு, டாக்டர்ங்களுக்கு வெறுப்பு வர்ற மாதிரி நடந்துக்கற பேஷண்ட்டுங்கள நாலு வகையா பிரிச்சாரு. ஓயாம ஒட்டிக்கிட்டே இருக்கறவங்க, அதிகாரம் பண்ணி மிரட்டி வேலை வாங்கறவங்க, எந்த வைத்தியம் குடுத்தாலும் "இதுவும் கேக்கல"ன்னு திரும்பி வர்றவங்க, தன்னையே அழிச்சுக்கற பழக்கத்த விடாம டாக்டர தோக்கடிக்கறவங்க. அதுல முக்கியமான சங்கதி என்னன்னா, டாக்டருக்கு வர்ற எரிச்சல மறைக்காதீங்க, அதுவே ஒரு தகவல், பேஷண்ட்டுக்கு என்ன பயம்னு அது காட்டிக் குடுக்கும்னாரு. மிரட்டறவரு உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருப்பாரு, பாதி நேரம் அதான் உண்மை. எடிசன் மாமாவுக்குக் கூட கோ-பே 20 டாலர் பிரச்னையா இருந்திருக்காது, மகன் வீட்டுல மகன் காசுல வைத்தியம் பாக்கற கூச்சமா இருந்திருக்கும், இது என் ஊகம்தான்.

ஆனா யார "கஷ்டமான ஆளு"ன்னு எழுதறாங்கங்கறதுலயும் ஓரவஞ்சனை உண்டு, அத நம்ம ஆளுங்க தெரிஞ்சு வச்சுக்கணும். 2022ல சிகாகோவுல ஒரு ஆஸ்பத்திரியோட ரெக்கார்டுகள ஆராய்ஞ்சு பாத்ததுல, "ஒத்துழைக்கல", "கிளர்ச்சியா இருந்தாரு" மாதிரி எதிர்மறை வார்த்தை கருப்பினத்தவங்க சார்ட்ல வர்றதுக்கான சாத்தியம், வெள்ளைக்காரங்களோட ஒப்பிட்டா 2.54 மடங்குன்னு வந்துச்சு. ஒரு சார்ட்ல எழுதினா அடுத்த டாக்டர் அதப் படிச்சுட்டுத்தான் உங்க ரூமுக்குள்ள வருவாரு. 2021 ஏப்ரல்லருந்து உங்கள பத்தி எழுதற நோட்ஸ நீங்களே போர்டல்ல படிக்கலாம், படிங்க. தப்பா இருந்தா திருத்தச் சொல்லி எழுதிக் கேக்கற உரிமை உங்களுக்கு உண்டு, அவங்க மறுத்தாலும் உங்க தரப்ப அதோட சேத்து வைக்கச் சொல்லலாம்.

2 ஸ்டார் ரிவ்யூ... அதுக்காக நீக்கினா அமெரிக்காவுல பெருசா ஒன்னும் பண்ண முடியாது. இனம், மதம், பால், ஊனம், ஹெச்ஐவி மாதிரி சட்டம் தடுக்கற காரணமா இல்லாத வரைக்கும் டாக்டர் தன் விருப்பப்படி விடலாம். பார்க்கிங் சரியில்லன்னு எழுதியிருந்தா விடுங்க, டாக்டர் பேரப் போட்டு திட்டியிருந்தா முதல்ல அவர்கிட்டயே நேர்ல சொல்லிப் பாத்திருக்கலாம்.

-

டாக்டர், என் பொண்ணுக்கு 14 மாசம். எம்எம்ஆர் ஊசிய (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கான தடுப்பூசி) 3 வயசுக்கு மேல போட்டுக்கலாம்னு நெனைச்சோம், நாலஞ்சு வீடியோ பாத்து பயந்துட்டோம். குழந்தை டாக்டர் "ஊசி போடலைன்னா வேற கிளினிக் பாத்துக்கோங்க"ன்னுட்டாங்க. இது மிரட்டல் இல்லையா? (அட்லாண்டாவிலிருந்து ஒரு அம்மா)

மிரட்டல் மாதிரிதான் கேக்கும், புரியுது. ஆனா அந்த டாக்டர் பக்கம் ஒரு காட்சிய கற்பனை பண்ணிப் பாருங்க. வெயிட்டிங் ரூம்ல ஒரு மூலைல உங்க பாப்பா, இன்னொரு மூலைல இன்னும் ஊசி போடற வயசே வராத 2 மாசக் கைக்குழந்தை, அதுக்குப் பக்கத்துல கீமோ எடுத்துட்டு இருக்கற ஒரு பையன். தட்டம்மை வந்த ஆளு எழுந்து போனப்புறமும் 2 மணி நேரம் வரைக்கும் கிருமி அந்த ரூம் காத்துல நிக்கும். 2025ல மேற்கு டெக்சாஸ்ல 762 பேருக்கு தட்டம்மை வந்துச்சு, 2 குழந்தைங்க செத்துப் போச்சு, ரெண்டும் ஊசி போடாத குழந்தைங்க.

அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் ரொம்ப காலம் "நீக்காதீங்க, பேசிப் புரிய வைங்க"ன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. 2016ல, எவ்வளவோ பேசிப் பாத்தும் மறுத்தா நீக்கறதும் ஏத்துக்கக்கூடிய வழிதான்னு மாத்திக்கிச்சு. எனக்கு இதுல முழு சம்மதம் கிடையாது. நீக்கினா அந்தக் குழந்தை எங்க போகும், ஊசியே போடாதவங்கள சந்தோஷமா சேத்துக்கற இன்னொரு எடத்துக்குத்தான் போகும், அங்க எல்லாருமே ஊசி போடாத குழந்தைங்க. நான் விடாம பேசற கட்சி.

உங்க டாக்டர் "பாத்துக்கோங்க"ன்னுதான் சொல்லியிருக்காங்க, லெட்டர் அனுப்பல. அதனால உங்களுக்கு என்ன பயம்னு ஒரு தனி அப்பாயின்ட்மென்ட் போட்டு, அந்த வீடியோவ கையோட எடுத்துட்டுப் போய் உக்காந்து கேளுங்க. எம்எம்ஆரும் ஆட்டிசமும் சம்பந்தம்னு 1998ல வந்த கட்டுரைய 2010ல அந்தப் பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சு, எழுதினவரோட டாக்டர் பதிவையும் பிரிட்டன்ல ரத்து பண்ணிட்டாங்க. உங்க பாப்பாவுக்கு முதல் ஊசி 12லருந்து 15 மாசத்துக்குள்ள போடணும், இன்னும் நேரம் இருக்கு.

-

வணக்கம் டொக்டர். நாங்கள் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறம். எங்கட ஃபமிலி டொக்டரிட்ட அப்பொயின்ட்மென்ட் எடுக்க ரெண்டு கிழமை செல்லுது. அதால பிள்ளைக்கு காய்ச்சல் எண்டால் பக்கத்தில அப்பொயின்ட்மென்ட் இல்லாமல் பாக்கிற வோக்-இன் கிளினிக்குக்குத்தான் கொண்டு போறனாங்கள். இப்ப டொக்டரின்ட ஒஃபிஸில இருந்து கடிதம் வந்திருக்கு, இனியும் வெளியில போனால் லிஸ்டில இருந்து எடுத்துப் போடுவினமாம். ஓஹிப் கார்ட் (ஒன்டாரியோ அரசாங்கத்தின்ட மருத்துவக் காப்புறுதி) எல்லா இடத்திலயும் செல்லும்தானே, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?

நீங்க ஒரு பிழையும் செய்யலைங்க, ஆனா உங்களுக்கு யாரும் கணக்க விளக்கிச் சொல்லல.

ஒன்டாரியோவுல நிறைய ஃபேமிலி டாக்டருக்கு, வர்ற ஒவ்வொரு தடவைக்கும் காசு கிடையாது, ஒரு தலைக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் குடுக்குது, நீங்க வந்தாலும் வரலைன்னாலும். முதல் தடவ போனப்போ ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்க, அதுதான் "ரோஸ்டர்" ஃபார்ம். அதுல, அவசரம் இல்லாத விஷயத்துக்கு முதல்ல இந்த டாக்டர்கிட்டதான் வருவேன்னு நீங்க ஒத்துக்கிட்டதா இருக்கும், யார் படிச்சுட்டு கையெழுத்துப் போடறோம். உங்க பேர்ல அரசாங்கம் டாக்டருக்கு ஒரு தடவ காசு குடுத்தாச்சு, நீங்க வோக்-இன் போனா அங்கயும் குடுக்குது, அப்ப அந்த ரெண்டாவது செலவ உங்க டாக்டருக்கு வர வேண்டிய போனஸ்லருந்து கழிச்சுக்கும். மாசாமாசம் டாக்டருக்கு ஒரு லிஸ்ட் வரும், எந்த பேஷண்ட் வெளிய போனதால எவ்வளவு கழிஞ்சுதுன்னு. உங்க வீட்டுப் பிள்ளையோட காய்ச்சல் அதுல ஒரு வரி. எமர்ஜென்சிக்குப் போனா இந்தக் கழிவு கிடையாது, அதனால சில பேர் பேஷண்ட்ட அங்க அனுப்பறதுல கவலையே படறதில்ல, அது இந்த ஏற்பாட்டோட கோணல்.

ஆனா ரெண்டு வாரம் காக்க வச்சுட்டு வெளிய போகாதன்னா அது நியாயமே இல்ல, இந்த மாதிரி ஏற்பாட்டுல இருக்கற டாக்டர் குழுக்கள் சாயங்காலமும் வார இறுதியிலயும் பாக்கணும்ங்கறதும் அதே ஒப்பந்தத்துல இருக்கு. அதனால அந்தக் கடிதத்துக்கு பதில் எழுதுங்க, "ஆஃப்டர் ஹவர்ஸ் கிளினிக் எங்க, எத்தனை மணிக்கு, பிள்ளைக்கு காய்ச்சல்னா அன்னைக்கே பாக்க யாருக்குக் கூப்பிடணும்"னு. உங்களுக்கும் பதில் கிடைக்கும், நியாயமான காரணம் இருந்துதான் வெளிய போனீங்கங்கறதும் எழுத்துல பதிவாகும். ஒன்டாரியோ மருத்துவர் கல்லூரி (பேர்தான் கல்லூரி, டாக்டர்ங்கள கட்டுப்படுத்தற அமைப்பு) விதிப்படி, முன்கூட்டி எச்சரிக்காம, உங்க சூழ்நிலைய பாக்காம நேரா நீக்க முடியாது. ரோஸ்டர்லருந்து எடுக்கறதும் பேஷண்ட்டாவே வேணாம்னு நீக்கறதும் வேற வேற, ரோஸ்டர்ல இல்லாமலும் அந்த டாக்டர் பாக்கலாம், எது பண்ணப் போறாங்கன்னு தெளிவா கேட்டுக்கோங்க. இருக்கற டாக்டர விட்டுராதீங்க, ஒன்டாரியோவுல ஃபேமிலி டாக்டரே இல்லாதவங்க லட்சக்கணக்குல இருக்காங்க.

-

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன். தம்பி ஜிபி சர்ஜரில (ஃபேமிலி டாக்டர் கிளினிக்குக்கு இங்க அதான் பேரு) கலாட்டா பண்ணிட்டான். வீட்டுல எல்லாரையும் எடுத்துருவாங்களா?

உங்க தம்பி பண்ணினதுக்கு உங்க அம்மாவயும் உங்களயும் தானா தூக்கறது சரியில்லைன்னுதான் அங்க வழிகாட்டுதல். ஒரே வீட்டுக்கு டாக்டர் வந்து பாக்கணும், அந்த வீட்டுல அடிக்க வர்ற ஆளு இருக்கான்னா மட்டும் யோசிப்பாங்க. தம்பி விஷயத்துல, வாய்ச் சண்டைன்னா சாதாரணமா முதல்ல எச்சரிக்கை, கடந்த 12 மாசத்துக்குள்ள ஒரு எச்சரிக்கை குடுத்திருந்தாத்தான் பொதுவா நீக்க முடியும், அதுவும் காரணத்த எழுதிக் குடுக்கணும், அமெரிக்கா மாதிரி மௌனமா அனுப்ப முடியாது. அங்க அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸுக்கு தகவல் போய் 8ஆவது நாள் பேர் போயிரும். கை ஓங்கி போலீஸ் வரைக்கும் போயிருந்தா எச்சரிக்கை எல்லாம் கிடையாது, அன்னைக்கே நீக்கலாம். அப்பவும் அவனுக்கு வைத்தியமே இல்லைன்னு ஆகாது, இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு தனி ஏற்பாடு இருக்கு, செக்யூரிட்டியோட இருக்கற ஒரு குறிப்பிட்ட எடத்துக்குப் போய்க் காட்டணும். புகார் குடுத்ததுக்காக மட்டும் ஒருத்தர நீக்கக்கூடாதுன்னு அங்க டாக்டர்ங்கள கட்டுப்படுத்தற ஜிஎம்சி தெளிவா சொல்லியிருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

-

மேடம், எனக்கு சுகர் ஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) 11. டயட் எல்லாம் நம்மால ஆகல, நைட் ஷிஃப்ட் டிரக் ஓட்டறேன். "இப்படியே இருந்தா நான் உங்கள பாக்க முடியாது"ன்னு டாக்டர் சொல்றாரு. சொன்ன பேச்ச கேக்கலைன்னா துரத்திருவாங்களா? (கலிஃபோர்னியா, பேர் வேணாம்)

உங்க கேள்விதான் இந்தக் கட்டுலயே என்னை ரொம்ப கோவப்பட வச்சது, கோவம் உங்க மேல இல்ல.

சுகர் கட்டுக்குள்ள இல்லாத பேஷண்ட் டாக்டரோட மார்க்க குறைப்பாரு. ஏ1சி 9க்கு மேல இருக்கறவங்க எத்தனை சதவீதம்னு இன்சூரன்ஸ்காரங்க கணக்கு எடுக்கறாங்க, அந்த எண்ணிக்கை ஏறினா சில ஒப்பந்தங்கள்ல கிளினிக்குக்கு வர்ற ஊக்கத்தொகை குறையும். எல்லா டாக்டரும் அதுக்காக விடறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், மருந்தும் சாப்பிடாம டெஸ்ட்டும் எடுக்காம வருஷக்கணக்கா இருக்கற ஒருத்தருக்கு நாளைக்கு கால் போனா கேஸ் தன் தலைல விழும்ங்கற பயமும் நிஜம்தான். "ஒத்துழைக்காத பேஷண்ட்"னு நீக்கறது சட்டப்படி முடியும். ஆனா நைட் ஷிஃப்ட்ல டிரக் ஓட்டற ஆளுகிட்ட மூணு வேளை நேரத்துக்கு சாப்பிடுன்னு ஒரு தாள குடுத்துட்டு, அவரு கேக்கலைன்னா அது ஒத்துழைக்காதது ஆகாது, அந்தத் தாள் அவருக்கு எழுதினது இல்ல, அவ்வளவுதான்.

நீங்க ஒன்னு பண்ணுங்க. டாக்டர்கிட்ட "ஆகல"ன்னு மட்டும் சொல்லாம, ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க, எத்தனை மணிக்கு வண்டி எடுக்கறீங்க, எங்க நிறுத்துவீங்க, டிரக் ஸ்டாப்ல என்ன கிடைக்கும், இன்சுலின் வைக்க வண்டில ஃப்ரிட்ஜ் இருக்கா. மருந்து நேரத்த உங்க தூக்கத்துக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க, வாரத்துக்கு ஒரு தடவ போடற ஊசி எல்லாம் இப்ப இருக்கு. வர முடியாத நாள் இருந்தா முந்தின நாளே கூப்பிட்டு கேன்சல் பண்ணுங்க, ஏன்னா நிறைய கிளினிக்ல சொல்லாம வராம விட்டத எண்ணி வச்சு, வருஷத்துல 3 ஆச்சுன்னா நீக்கிருவாங்க, சுகர விட அதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

இதோட ஒட்டினது, முதுகுவலிக்கு ஓபியாய்டுங்கற கடுமையான வலி மாத்திரை எடுக்கற ஒருத்தர், யூரின் டெஸ்ட்ல ஏதோ வந்துச்சுன்னு நீக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காரு. டெஸ்ட் ரிசல்ட்ட மட்டும் வச்சு பேஷண்ட்ட நீக்கக்கூடாதுன்னு அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி வழிகாட்டுதலே சொல்லுது, 2022ல புதுப்பிச்சதுலயும் இருக்கு. அந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தறது ஆபத்து, அதனால இத அவசரம்னே எடுத்துக்கிட்டு இந்த வாரமே இன்னொரு டாக்டர பாருங்க.

-

நாங்க கோயம்புத்தூர். இங்க லெட்டர் எல்லாம் ஏதுங்க, அப்பாவ பாத்துட்டு இருந்த டாக்டர் எங்க சித்தப்பா கூட வாக்குவாதம் ஆனதும் "வேற எடம் பாத்துக்கோங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாருங்க. இப்படி சொல்ல நம்ம நாட்டுல எடம் இருக்குங்களா?

இருக்குங்க, ஆனா ஒரே வார்த்தைல இல்ல. 2002ல வந்த மெடிக்கல் கவுன்சில் நடத்தை விதிப்படி டாக்டர் யாருக்கு வைத்தியம் பாக்கணும்னு தேர்ந்தெடுத்துக்கலாம், ஆனா ஒரு தடவ கேஸ கையில எடுத்துட்டா, பேஷண்ட்டுக்கும் குடும்பத்துக்கும் போதுமான முன்னறிவிப்பு குடுக்காம விலகக்கூடாது. உயிருக்கு ஆபத்தான நேரத்துல மறுக்கவே கூடாது, 1989லயே சுப்ரீம் கோர்ட் பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லிருச்சு. கலாட்டா பண்றவங்கள, மிரட்டறவங்கள மறுக்கலாம், வேற எடத்துக்கு அனுப்பி வைக்கலாம்னு 2023 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் புது விதியே போட்டுச்சு, அதே மாசம் மொத்த விதியையும் நிறுத்தி வச்சுட்டாங்க.

நம்ம ஊர்ல டாக்டர்ங்க பயப்படறதுலயும் அர்த்தம் இருக்குங்க. 2024 நவம்பர்ல சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரில ஒரு புற்றுநோய் டாக்டர, பேஷண்ட்டோட மகனே உள்ள புகுந்து கத்தியால குத்தினாரு. ஆஸ்பத்திரி ஆளுங்கள தாக்கறத ஜாமீன்ல வர முடியாத குத்தமாக்கி 2008லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, இருந்தும் நடக்குது. ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா ஏழு பேர் ரூமுக்குள்ள போறோம், ஆளுக்கு ஒரு கேள்வி, அதுல ஒருத்தருக்காவது கோவம் வரும். அமெரிக்காவுல பேஷண்ட் கத்தினதுக்கு லெட்டர், இங்க பேஷண்ட் படுத்தபடி கம்முனு இருப்பாரு, கத்தறது பூரா சித்தப்பாதான்.

நீங்க தனியா ஒரு நாள், கூட்டம் கொறஞ்ச நேரமா போய் டாக்டர பாருங்க. இனிமே பேசறது நான் ஒருத்தன்தான்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் ஒத்து வரலைன்னா ஒரு ரெஃபரல் கடிதமும் கேஸ் ஷீட்டும் எழுதிக் கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு தரணும்ங்கறது அதே 2002 விதிதாங்க.

-

புது டாக்டர்கிட்ட போனா, பழைய எடத்துல நீக்கிட்டாங்கன்னு சொல்லணுமா மேடம்?

கேட்டா மறைக்காதீங்க, பழைய ரெக்கார்டு வரும்போது எப்படியும் தெரிஞ்சுரும். "அங்க எனக்கும் ஸ்டாஃபுக்கும் ஒத்து வரல, என் பக்கமும் கோவம் இருந்துச்சு" அப்படின்னு ஒரு வரி போதும், பழைய டாக்டர பத்தி கால் மணி நேரம் கொறை சொன்னா அடுத்தது நம்மளத்தான்னு புது டாக்டர் நெனைப்பாரு. முதல் தடவ போறப்போ மருந்து பேர எழுதிட்டுப் போறத விட, வீட்டுல இருக்கற பாட்டில் எல்லாத்தையும், நிறுத்தினதையும் சேத்து, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி அந்த டாக்டர் உங்க இன்சூரன்ஸ எடுக்கறாரான்னு போன்ல ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க, கேக்கறப்போ எடுக்கறவங்க பேரையும் கேட்டு வச்சுக்கோங்க, உள்ள நுழையறப்போ பேர் சொல்லி வணக்கம் வைக்கலாம்.